மீன் காணாமல் போன வெள்ளிக்கிழமை

ஒரு திங்கட்கிழமை காலை, நான் எழுதி வைத்திருந்த மென்பொருள் சோதனைகள் அத்தனையும் ஒரேயடியாகத் தோற்றுப்போயின. திரை முழுக்கச் சிவப்பு. நெட்வொர்க் கேபிள் கழன்றிருக்கும் என்று நினைத்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கேபிள் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது எதிர் வரிசையில் எங்கள் தலைமை புரோகிராமர் காபியை உறிஞ்சியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் காரணம் அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"சார், சர்வர் டவுனா?"

"சர்வர் நல்லாத்தான் ஓடுது. உன் டெஸ்ட்தான் இனிமே ஓடாது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கீழே இரும்பைக் கடையும்போது எங்கள் மேஜைகளில் பேனா உருளும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊரில் இப்படிச் சின்னச் சின்ன மென்பொருள் கம்பெனிகள் நிறைய முளைத்திருந்தன. எங்களுக்கு ஒரே வாடிக்கையாளர், பிரான்சில் ஒரு கம்பெனி. அங்குள்ள நகராட்சிகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டை நிர்வகிக்கும் மென்பொருளை அவர்களுக்காக நாங்கள் எழுதினோம். எந்தப் பிள்ளை எந்த நாள் சாப்பிடும், எதைச் சாப்பிடக்கூடாது, சமையற்கூடம் எத்தனை தட்டு செய்யவேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

நான் அங்கே ஒரே டெஸ்டர். லாஸ்பேட்டையில் எம்.சி.ஏ. படித்து முடித்த கையோடு சேர்ந்தேன். எங்கள் குடும்பம் வில்லியனூரைத் தாண்டிய ஒரு கிராமத்தில் நிலம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் நெல்லித்தோப்பில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். தலைமை புரோகிராமரோ மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது அவர் மட்டும்தான். அவர் இல்லாவிட்டால் கம்பெனி இல்லை என்று எங்கள் எம்.டி. நம்பினார். அவரும் அதை மனதார நம்பினார்.

நான் சேர்ந்த முதல் வாரமே எல்லார் முன்னாலும் சொன்னார், "டெஸ்டிங்ங்கறது கோடிங் வராதவங்க பண்ற வேல." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவரை அன்றைக்கே பிடிக்காமல் போனது. இன்றுவரை பிடிக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

சிவப்புக்குக் காரணத்தை மத்தியானத்துக்குள் நானே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் மென்பொருள் சர்வருக்குள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். அந்தத் துண்டுகளைப் பீன் என்பார்கள். ஒரு பீன் பிள்ளைகளின் விவரத்தைத் தரும். இன்னொன்று வாரத்தின் சாப்பாட்டுப் பட்டியலைத் தரும். வேறொன்று சமையற்கூடத்துக்குத் தட்டுக் கணக்கைக் கூட்டிச் சொல்லும். அதுவரை இவற்றை வேறு கணினியிலிருந்தும் கூப்பிட முடிந்தது. என் சோதனைகள் என் கணினியில் இருந்துகொண்டே நெட்வொர்க் வழியாகப் பீன்களைக் கூப்பிட்டு, வந்த பதில் சரிதானா என்று பார்க்கும். அப்படி வெளியிலிருந்து கூப்பிடுவதற்கு நேரம் பிடிக்கிறது என்று சனி ஞாயிறில் அவர் அந்த வழியையே எடுத்துவிட்டார். இனி அதே சர்வரில், அதே அப்ளிகேஷனுக்குள் இருக்கும் நிரல்தான் பீன்களைக் கூப்பிடலாம். லோக்கல் இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயர். பக்கங்கள் நிஜமாகவே வேகமாகத் திறந்தன. அதில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், வெளிவழிய எடுத்துட்டீங்க. நான் எப்படி டெஸ்ட் பண்றது?"

"ஸ்கிரீன்ல கிளிக் பண்ணிப் பாரு. கண்ணு இருக்குல்ல?"

"ஸ்கிரீன்ல எல்லாம் தெரியாது சார். பீனத் தனியாக் கூப்பிட்டுப் பாக்கணும். என் டெஸ்டயும் சர்வருக்குள்ளயே வெச்சா ஓடும். உங்க பில்டுல ஒரு சின்னப் பக்கம் சேத்துக்கொடுத்தா போதும்."

பில்டு என்றால் எல்லாவற்றையும் கட்டி சர்வரில் ஏற்றும் மூட்டை. அதைக் கட்டும் அதிகாரம் அவரிடம் மட்டும் இருந்தது.

"என் பில்டுல உன் குப்ப எதுவும் வராது."

"அப்ப இந்த மாத்தத்த யாரு டெஸ்ட் பண்றது?"

"இன்னா மாறிடுச்சு? உள்ள இருக்கற கோடுல நான் ஒரு வரிகூடத் தொடல. கூப்பிடற வழிதான் மாறியிருக்கு. போன வாரம் பாஸ் ஆனது இந்த வாரம் எப்படி ஃபெயில் ஆவும்? யோசிச்சுப் பேசு."

பக்கத்திலிருந்த இரண்டு பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைத் தட்டினார்கள். நான் எம்.டி.யிடம் போனேன். அவர் இரண்டு போன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்கம்மா. சின்னப் பசங்களாட்டம் எங்கிட்ட வராதீங்க."

நான் திரும்பி வருவதற்குள், எல்லாருக்கும் பொதுவாக இருந்த சோதனை சர்வரின் பாஸ்வேர்டு மாறியிருந்தது.

அன்று வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டபோது சொல்லிவிட்டேன். பீனையும் சர்வரையும் விட்டுவிட்டுப் பாஸ்வேர்டு மாற்றியதை மட்டும் சொன்னேன். "எவன்டி அவன், ஊட்டச் சாத்திட்டு சாவிய எடுத்துக்கினு போறவன்?" என்று அம்மா கொதித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேலய வுட்டுட்டு வேற பாரு" என்றாள். எனக்கு விடத் தோன்றவில்லை. அவர் முகத்தில் கரி பூசவேண்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாளிலிருந்து என் கணினியிலேயே ஒரு சர்வரை நிறுவ ஆரம்பித்தேன். அது அந்த வேலைக்கான கணினி அல்ல. சர்வரைத் தொடங்கினால் மின்விசிறி பட்டறைச் சத்தத்தோடு போட்டி போடும். சர்வர் எழுந்து நிற்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவருடைய நிரல் முழுவதும் எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தான் இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தடை இல்லை. அதை எடுத்து நானே ஒரு மூட்டையாகக் கட்டினேன். அதற்குள் என் பக்கத்தையும் வைத்தேன். உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அது சர்வருக்குள்ளேயே ஓடி, லோக்கல் வழியாக ஒவ்வொரு பீனையும் கூப்பிட்டு, பச்சை அல்லது சிவப்பு என்று காட்டவேண்டும். சொல்வதற்குச் சுலபம். முதலில் மூட்டையே ஏறவில்லை. ஏறியபோது பீன் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பிடிபடவில்லை. பெயர் கிடைத்தபோது டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி சர்வரை நிறுத்தி, ஏற்றி, காத்திருந்து பார்க்கவேண்டும். அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா, ரைஸ் மில்லு ஓடுதா?" என்பார். நான் காலை வணக்கம் சொல்வதையே நிறுத்தியிருந்தேன்.

வாரக்கணக்கில் இழுத்த பிறகு ஒரு மத்தியானம் என் பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. நீளமாகப் பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு.

அந்தச் சோதனை இதுதான். மீன் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைக் கேட்கவேண்டும். மீன் இருக்கக்கூடாது, பதிலுக்கு ஆம்லெட் இருக்கவேண்டும். அடுத்து, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இன்னொரு பிள்ளைக்குக் கேட்கவேண்டும். மீன் இருக்கவேண்டும். வெளியிலிருந்து கூப்பிட்ட காலத்தில் இது ஒருநாளும் தோற்றதில்லை. இப்போது இரண்டாவது பிள்ளைக்கும் ஆம்லெட் வந்திருந்தது.

அவருடைய நிரலை வரி வரியாகப் படித்தேன். சாயங்காலத்துக்குள் பிடிபட்டுவிட்டது. வெளியிலிருந்து கூப்பிட்டபோது பீன் ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுப் பட்டியலின் நகல் ஒன்றைத்தான் அனுப்பியது. வாங்கியவர் அதில் எதை அடித்தாலும் எதைச் சேர்த்தாலும் மூலம் கெடாது. லோக்கலில் நகல் கிடையாது. பீன் தன்னிடம் இருக்கும் மூலத்தையே கையில் கொடுத்துவிடும். ஒரு பிள்ளைக்காக அதிலிருந்து மீனை எடுத்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மீன் போய்விடும். அவர் சொன்னது உண்மைதான், ஒரு வரியும் மாறவில்லை. மாறாததுதான் வினையே.

அவரிடம் போய் நின்று சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"உன் மெஷின்லதானே?"

"உங்க கோடுதான் சார் அதுல ஓடுது."

"நீ கட்டுன பில்டு. நீ எழுதுன டெஸ்ட். எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் சர்வர்ல காட்டு, ஒத்துக்கறேன்."

"உங்க சர்வர்ல என்ன உள்ள வுட மாட்டீங்களே சார்."

"அப்ப காட்ட முடியாதுல்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிழைகளைப் பதிவு செய்யும் மென்பொருளில் இதை ஏற்றி அவர் பெயருக்கு அனுப்பினேன். 'பிழை அல்ல' என்று மூடினார். நான் திறந்தேன். அவர் மூடினார். காலையில் வந்ததும் என் முதல் வேலை அதைத் திறப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவருடைய கடைசி வேலை அதை மூடுவது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

புது மென்பொருளைப் பிரான்சுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது நான் கடைசியாக ஒன்று செய்தேன். வாடிக்கையாளரோடு வாராவாரம் நடக்கும் போன் பேச்சில் எம்.டி.யும் அவரும் மட்டுமே உட்காருவார்கள். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், ஸ்பீக்கர் போனைப் பார்த்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒரு பிழை இருக்கிறது, சரி செய்யாமல் வாங்காதீர்கள் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. அவர் முந்திக்கொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னார். நீளமாக, சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எம்.டி. என்னைக் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார்.

எங்கள் ரிசப்ஷனில் இருந்த அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். அக்காவுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அந்த அறைக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான்.

"இன்னா சொன்னாருக்கா?"

"வாணாம்மா, வுடு."

"சொல்லுக்கா."

அக்கா தடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புதுசா வந்த பொண்ணு, எதுக்கும் பயப்படும், நாங்க பயிற்சி குடுக்கறோம், நீங்க கவலப்படாதீங்கன்னாரு. கல்யாணம் ஆனா சரியாயிடும்னும் ஒண்ணு சொன்னாரு. அதுக்குத்தான் அந்தம்மா சிரிச்சுது."

அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. அன்று மாலை வேலையை முடித்துவிட்டுத் தொழிற்பேட்டைச் சாலையில் பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது, அந்த மென்பொருள் அங்கே போய் உடையவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பொய் சொல்ல விருப்பமில்லை. மனதார வேண்டிக்கொண்டேன்.

உடைந்தது. புது மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, எங்களுக்குப் பிற்பகல், ரிசப்ஷன் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். எடுத்தவள் எழுந்து நின்றுகொண்டு, "வுய் மதாம், வுய் மதாம்" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்ப ஆமாம் போட்டாள். அந்த ஊரில் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை என்றால் மீன்தான். பெயர் வரிசையில் முதல் பிள்ளைக்கே மீன் ஒத்துக்கொள்ளாததால், அன்று சமையற்கூடத்துக்குப் போன கணக்கில் மீன் ஒரு தட்டுகூட இல்லை. அத்தனை பள்ளிகளுக்கும் ஆம்லெட் செய்து அனுப்பிவிட்டார்கள். வரிசையில் கடைசியாக இருந்த, முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பையனுக்கு மென்பொருள் ஆம்லெட்டையும் எடுத்துவிட்டது. அவன் தட்டில் ரொட்டியும் ஒரு ஆப்பிளும் மட்டும் இருந்திருக்கின்றன. அவன் அம்மா நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள்.

நல்லவேளை, ஒரு பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் என் வேண்டுதலை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. வெட்கம் போய்விட்டது.

அவர் ஒரு மணி நேரத்துக்குள் சரி செய்துவிட்டார். பட்டியலை வெளியே கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும்படி பீனில் ஒரே ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். எங்களுக்கும் அதன் ஆங்கிலப் பிரதி வந்தது. சோதனைப் பிரிவின் கவனக்குறைவால் பிழை வெளியே போய்விட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. சோதனைப் பிரிவு என்றால் நான்தான். வேறு ஆளே கிடையாது.

நான் கதவைத் தட்டாமல் எம்.டி. அறைக்குள் போனேன். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பிழைய நான் எத்தன தடவ தெறந்தேன், இவரு எத்தன தடவ மூடுனாருன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா சார்?"

"தெரியும்மா," என்றார் எம்.டி. கொஞ்சமும் குரல் உயரவில்லை. "கிளையன்ட் முன்னாடி யாரு பேராவது கெடணும்ல? அவரு பேரு கெட்டா நாளைக்கு நம்ம யாரும் இங்க ஒக்காந்திருக்க முடியாது. உன் பேரு கெட்டா ஒண்ணும் ஆவாது. உன்ன வேலய வுட்டு எடுக்கவா போறேன்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

தலைமை புரோகிராமர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு கெட்டதாவே இருக்கட்டும்," என்றேன். "உரிய நடவடிக்கைன்னு எழுதியிருக்காருல்ல? நடவடிக்கைய நான் சொல்றேன். இனிமே பில்ட நான்தான் கட்டுவேன். என் டெஸ்ட் சர்வருக்குள்ள ஓடிப் பச்ச வந்தாத்தான் வெளிய போவும். ஒரு சிவப்பு இருந்தாலும் போவாது. யாரு சொன்னாலும் போவாது. இதையும் கிளையன்டுக்கு எழுதுங்க. இல்லனா நடந்தத நானே எழுதுவேன். அவங்களுக்கு இங்கிலீஷும் புரியும்."

"இன்னா, மெரட்றியா?" என்றார் அவர். அன்று என்னைப் பார்த்து அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

"ஆமா."

எம்.டி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளரிடம் காட்ட ஒரு நடவடிக்கை இருப்பது நல்லதுதானே என்று கணக்குப் போட்டிருப்பார். "சரி, எழுதிடலாம்" என்றார்.

அதற்கு அப்புறம் அவர் அங்கே இருந்த காலம் முழுக்க, தான் எழுதியதை அனுப்புவதற்கு என் மேஜைக்கு வரவேண்டியிருந்தது. நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. பச்சை வந்தால் தலையை ஆட்டுவேன். சிவப்பு வந்தால் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். எது தவறு, எங்கே தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பாதி நாள் மிச்சமாகும். நான் சொன்னதில்லை. அவரே தேடிக்கொள்வார். அவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல. என் சோதனையில் ஏதாவது ஓட்டை கிடைத்தால் அதை எல்லாருக்கும் நகல் போட்டு அனுப்புவார். நான் அதை அடைத்துவிட்டு, அடைத்தாயிற்று என்று எல்லாருக்கும் நகல் போட்டு அனுப்புவேன். இதில் மென்பொருள் மட்டும் நன்றாகிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நல்ல புரிதல் இருக்கிறது என்று எம்.டி. ஒரு விருந்தில் எழுந்து பேசினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

பிறகு அவர் பிரான்சுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அங்கே அதே வாடிக்கையாளர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வழியனுப்பும் நாளில் கேக் வெட்டினார்கள். நான் அன்று லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன்.

அங்கே சேர்ந்த சில வாரங்களில் அவரிடமிருந்து எம்.டி.க்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எம்.டி. என்னைக் கூப்பிட்டு ஆசையாகப் படித்துக்காட்டினார்.

"பாரும்மா, எவ்ளோ நல்லா எழுதியிருக்காரு. எல்லாப் பீனையும் சர்வருக்குள்ளயே வெச்சு லோக்கல் வழியா டெஸ்ட் பண்ணணுமாம். அந்த ரிப்போர்ட் இல்லாம எந்த பில்டயும் வாங்கமாட்டாங்களாம். அங்க போனதும் எப்படி யோசிக்கறாரு பாரு."

எம்.டி. முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்யவில்லை, இந்த விதியைப் போட்டது நான் என்பதை நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

"செஞ்சிக்கிட்டுத்தான் சார் இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரப் போன் பேச்சுக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள். மற்றவர்களோடு ஆங்கிலத்தில் பேசி முடித்ததும், அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் திடீரென்று தமிழுக்கு மாறியது.

"இன்னும் நீதான் டெஸ்டிங் பாக்கறியா?"

"ஆமா."

"ரிப்போர்ட் வரலியே."

"காலையிலயே அனுப்பியாச்சு. படிச்சிட்டுப் பேசுங்க."

எம்.டி. என்னை முறைத்தார். ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.